ஒரு பெருவிரலின் காப்புறுதி

என் வலது கைப் பெருவிரலுக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது. அச்சடித்த தாளில், பட்டியல் போட்டு, கொழும்பிலே கழுத்துப்பட்டி கட்டிய யாரோ ஒருவர் கையெழுத்து வைத்துக் கொடுத்த விலை. சுண்டுவிரலைவிட எத்தனையோ மடங்கு அதிகம். இடது கைப் பெருவிரலைவிடவும் கொஞ்சம் அதிகம். அந்தத் தாளைப் படித்த நாள் முதல் என் பெருவிரலை நான் மரியாதையோடுதான் பார்த்து வந்தேன். சோறு பிசையும்போதுகூட, இது சும்மா விரல் அல்ல என்ற நினைப்பு இருந்தது.

ஐம்பதுகளின் பின்பகுதி. மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, மலைநாட்டில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை பழக வந்திருந்தேன். ஊரைச் சொல்ல மாட்டேன். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போனால், வாந்தி வருவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி டொக்டர் என்பவன் படிக்கிறவனும் இல்லை, படித்து முடித்தவனும் இல்லை. ஏதாவது சரியாக நடந்தால் பெரிய டொக்டர் செய்தது. பிழையாகிப் போனால் பயிற்சி டொக்டர் செய்தது. இந்த ஒழுங்கு எல்லோருக்கும் வசதியாக இருந்தபடியால் யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை.

நான் பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில். அப்பா தொழிற்சாலையில் டீ மேக்கர். தொழிலாளர் லயங்களுக்கு மேலே, துரை பங்களாவுக்குக் கீழே எங்கள் வீடு. மேலே பார்த்துப் பயப்படவும் கீழே பார்த்து அதிகாரம் பண்ணவும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, வீடு கட்டிய இடமே சொல்லித்தந்தது. இதை இப்போது எழுதுகிறேன். அப்போது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

எனக்கு அப்போது இருந்தது ஒரே ஆசை. கத்தி பிடிக்க வேண்டும், சர்ஜனாக வேண்டும். எங்கள் பெரிய டொக்டரும் சர்ஜன்தான். வாயைத் திறந்து யாரையும் பாராட்டி அறியாதவர். ஒருநாள் நான் தையல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கை பரவாயில்லை" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் காப்புறுதி மாஸ்டர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தவர். எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பிப் போகாமல், கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடையோடும் தோல் பையோடும் எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் நின்றார். குவாட்டர்ஸில் நானும் இன்னொரு பயிற்சி டொக்டரும். அவனும் யாழ்ப்பாணத்தான். ஊர்க்காரரைக் கண்டதும் அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். நான் அகப்பட்டேன்.

மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கைரேகை பார்க்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"தம்பி, ஒரு டொக்டருக்குச் சொத்து எண்டால் என்ன? வீடோ? வளவோ? இந்தக் கைதான். இதுக்கு ஒண்டு நடந்தால் பிறகு ஆர் பாக்கிறது?"

இருபத்தேழு வருடமாக என்னோடு இருக்கும் கை. அதற்கு ஏதும் நடக்கலாம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அவர் பையிலிருந்து எடுத்த தாளில் மனிதக் கையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து விலை போட்டிருந்தார்கள். பின்பக்கத்தில் எது எதற்குக் கம்பனி பொறுப்பில்லை என்ற விபரம். குதிரைப் பந்தயத்தில் சவாரி. ஆகாயப் பலூனில் பறத்தல். யுத்தம். மலையேற்றம்.

"மாஸ்டர், மலையேற்றம்னு போட்டிருக்கே. நாங்க குடியிருக்கிறதே மலையிலதான்?"

"அது வெள்ளைக்காரர் கயிறு கட்டி ஏறுறதைச் சொல்லுறாங்கள் தம்பி. நீங்கள் பஸ்ஸிலைதானே ஏறுறியள்?"

நியாயமாகத்தான் பட்டது. விபத்தாலோ நோயாலோ என் தொழிலைச் செய்ய முடியாமல் போனால், கை குணமாகி வரும்வரை கம்பனி மாதா மாதம் என்னைத் தாங்கும். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். டொக்டர்மாரின் எழுத்தைக் கோழி கிளறியது என்பார்கள். என்னுடையது அப்படியல்ல. கடைசி எழுத்தைச் சுழித்துப் பின்னால் கொண்டுபோய் முதல் எழுத்துக்குக் குடை பிடிக்க வைப்பேன். அதற்காகக் கல்லூரியில் ஒரு கொப்பி முழுக்கப் பழகியிருக்கிறேன். மாஸ்டர்கூட, "முத்து முத்தாய் இருக்கு" என்றார். அவருக்கு வாயெல்லாம் பல்.

உள்ளே படுத்திருந்தவன் அவர் போன பிறகு எழுந்து வந்து, "என்ரை கையை நானே பாத்துக்கொள்ளுவன்" என்றான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் போத்தல் சோதனையைச் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் என் மேல் அநியாயமாக விழுந்த கதை போலாகிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து அரசாங்கத்தினுடையது, போத்தல் நோயாளியினுடையது. கலக்கு மருந்து வேண்டுமென்றால் வீட்டிலிருந்து வெறும் போத்தல் கொண்டுவர வேண்டும். போத்தல் இல்லாதவருக்கு மருந்து இல்லை. கையை நீட்டினால் கையில் ஊற்ற முடியாதல்லவா? அதனால் லயத்து வீடுகளில் போத்தலுக்கு இருந்த மதிப்பு கொஞ்ச நஞ்சமல்ல. சாராயப் போத்தல், தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தல், துரை பங்களாக் குப்பையிலிருந்து வந்த சீமைப் போத்தல். மூடி தொலைந்திருந்தால் காகிதத்தைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். மடியில் வைத்துச் சேலையால் மூடிக்கொண்டுதான் வருவார்கள்.

தோட்டத்து ஆள் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், டொக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டைக் கொண்டுபோய்க் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் காட்ட வேண்டும். பெரட்டு என்பது விடிந்ததும் எல்லோரையும் களத்தில் நிறுத்தி, யார் யார் எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடும் சடங்கு. துண்டு இருந்தால் ஓய்வு, அல்லது லேசு வேலை. துண்டு இல்லையென்றால் கூடையைத் தூக்கு. எங்கள் ஆஸ்பத்திரி கண்ணை மூடிக்கொண்டு துண்டு எழுதுகிறதென்று துரைமார் பெரிய டொக்டரிடம் குறைப்பட்டார்கள். பெரிய டொக்டர் எங்களிடம் குறைப்பட்டார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நடிப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்.

கை வலி, விரல் மடங்கவில்லை என்று யாராவது வந்தால், மெல்லப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவர்களுடைய போத்தலை வாங்குவேன். திருப்பிக் கொடுக்கும்போது, வலிக்கிறது என்று சொன்ன கைக்கு நேராக நீட்டி, அந்தக் கை தொடுவதற்குச் சற்று முன்பே விட்டுவிடுவேன். ஒருவரும் போத்தலை விழ விட்டதில்லை. லபக்கென்று பிடித்துவிடுவார்கள்.

"பாத்தீங்களா, கை நல்லா வேலை செய்யுதே!" என்பேன். மருந்து கலக்குகிறவர் சிரிப்பார், வரிசையில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். சில சமயம் பிடித்த ஆளே வெட்கப்பட்டுச் சிரிப்பார். நான் துண்டில் 'வேலைக்குத் தகுதி' என்று இங்கிலீசில் எழுதி, குடை பிடிக்கும் கையெழுத்தைப் போடுவேன். ஒரு மாதத்துக்குள் துரைமார் மத்தியில் எனக்கு நல்ல பெயர். ஒரு துரை தன் தோட்டத்துக் கோவாவும் கரட்டும் கூடையில் அனுப்பினார். நான் அதைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கொழுந்து எடுப்பவள். வலது பெருவிரலின் அடிப்பாகம் வீங்கியிருந்தது. கொழுந்து கிள்ளும் கைக்கு அந்த இடத்தில் வீக்கம் வருவது எனக்குத் தெரியாததல்ல.

"கூட தூக்குறது கஷ்டமில்லீங்கய்யா. கிள்ளத்தான் முடியல. ரெண்டு கெழமைக்கு லேசு வேலைக்கு ஒரு துண்டு குடுத்தீங்கன்னா, நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலைக்கு விடுவாங்க. அதுக்குள்ள வீக்கம் எறங்கிரும். இல்லாட்டி வெரலு அப்புடியே நின்னுருமுன்னு பயமா இருக்குங்க."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்! நோய் என்ன, வைத்தியம் என்ன, செய்யாவிட்டால் வருவது என்ன, எல்லாம் அதில் இருந்தது. பரீட்சையில் நான் எழுதிய பதில்கூட இவ்வளவு சரியாக இருந்ததில்லை. நான் அவளுடைய போத்தலை வாங்கினேன். பச்சை நிறத்தில் சதுரமான போத்தல். நீட்டினேன். விட்டேன்.

பிடித்தாள். பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தாள். 'ஸ்' என்று பல்லுக்கிடையில் ஒரு சத்தம் வந்தது. மற்றவர்கள் சிரித்ததால் அது அவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நான் எழுதிவிட்டேன். அன்றைக்குக் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக அமைந்தது என்பதும் நினைவிருக்கிறது. அவள் துண்டைப் பார்க்கவில்லை. போத்தலில் கீறல் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை எங்கள் சமையல்காரன் கினிகத்தேனையில் தன் அக்கா வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தான். பாணுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அலுமாரியில் ஒரு டின் மீன் இருந்தது. கத்தியால் குத்தித் திறந்தேன். பாதி திறந்த மூடியைப் பெருவிரலால் நெம்பினேன்.

வேறொன்றுமில்லை, இவ்வளவுதான் விபத்து. போர்க்களமோ பலூனோ அல்ல. ஒரு டின் மீன்.

யாழ்ப்பாணத்தான் கையைத் துணியால் சுற்றிக்கொண்டே, "மச்சான், விரலை மடி பாப்பம்" என்றான். மடிக்கப் பார்த்தேன். மற்ற நாலும் மடங்கின. பெருவிரல் எனக்குச் சம்பந்தமில்லாத ஆள் போல நின்றது.

மறுநாள் காலையில் பெரிய டொக்டர் அறுந்த தசைநாரைத் தேடிப் பிடித்துத் தைத்தார். தைத்து, பலகை வைத்துக் கட்டி, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். மூன்று மாதம் இந்த விரல் ஒரு துரும்பையும் தூக்கக்கூடாது. தூக்கினால் தையல் பிரியும். பிரிந்தால் பிறகு கத்தியை மறந்துவிடு. இதைச் சொல்லி முடித்த கையோடு, திங்கட்கிழமை வார்டுக்கு யார் வருவது என்றும் கேட்டார். எனக்குச் சம்பளத்தோடு இருந்த லீவு இரண்டு வாரம். அதற்குப் பிறகு சம்பளமில்லாமல் இருக்க எங்கள் வீட்டில் வழியில்லை. ஆகவே மூன்று மாதம் விரலுக்கு ஓய்வு கொடுப்பதா இல்லையா என்பது என் கையில் இல்லை, கொழும்புக் கம்பனியின் கையில் இருந்தது.

மாஸ்டர் ஓடி வந்தார். உண்மையாகவே கவலைப்பட்டார். விண்ணப்பத்தை யாழ்ப்பாணத்தான் எழுத, நான் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். நண்டு ஊர்ந்தது போல் இருந்தது. கீழே மாஸ்டர் சாட்சி வைத்தார். லீவு முடிந்தது. பதில் வரும்வரை பலகை கட்டிய கையோடு வார்டுக்குப் போனேன். நான் பார்ப்பேன், சொல்வேன், நர்ஸ் செய்வாள். பயிற்சி டொக்டரிடமிருந்து அவ்வளவுதான் வேண்டுமென்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

கம்பனியின் முதல் கடிதம் வந்தது. காயம் மலையேற்றத்தின்போது ஏற்பட்டதல்ல என்பதை உறுதிப்படுத்தவும் என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில் இருப்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். டின் சமையலறையில் திறக்கப்பட்டது, சமையலறை மலையில் இருக்கிறது, மலையை நாங்கள் கொண்டுவந்து வைக்கவில்லை என்று பதில் எழுதினேன். மாஸ்டர் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டார்.

இரண்டாவது கடிதம் இன்னும் ஆழமானது. தாங்கள் பயிற்சியில் இருப்பவர், பயிற்சியில் இருப்பவரின் தொழில் கற்பது, கற்பதற்கு வலது கைப் பெருவிரல் எவ்வாறு இன்றியமையாதது என்று விளக்கவும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாஸ்டரே தடுமாறிப் போனார். முப்பது வருடம் படிப்பித்தவரல்லவா? "பெடியள் கண்ணாலையும் காதாலையும்தான் படிக்கிறவங்கள், அது உண்மைதானே தம்பி" என்று கம்பனி பக்கம் சாய்ந்துவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டு, "நேரிலை ஆளை அனுப்பச் சொல்லி எழுதுவம்" என்றார்.

ஆள் வந்தார். கோட்டும் தொப்பியுமாகக் கொழும்பிலிருந்து கோச்சியில் வந்து இறங்கியவர். இறங்கிய ஸ்டேசன் பலகையில் எழுதியிருந்த உயரத்தையும் குறிப்புப் புத்தகத்தில் பதிந்துகொண்டு வந்திருந்தார். ஆனால் கெட்ட மனிதரல்ல. ஆஸ்பத்திரி விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, என் கட்டைப் பார்த்தார், பெரிய டொக்டரின் கடிதத்தைப் படித்தார், தன் மகனும் மருத்துவம் படிக்க ஆசைப்படுவதாகச் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்தார். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, மூன்று மாதமும் கிடைக்கும் என்றார். அப்போது எனக்கு வந்த நிம்மதியில் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், கை மட்டும் சரியாக இருந்திருந்தால்.

அந்த நேரத்தில் பிள்ளைப்பேற்று வார்டிலிருந்து பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் விறாந்தைக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையோடு ஆஸ்பத்திரியை விட்டு இறங்குமுன், டொக்டர் கையில் ஒருதரம் பிள்ளையைக் கொடுத்து வாங்குவார்கள். கைராசி என்று நம்பிக்கை. நான் கைராசிக்காரன் என்று எப்படியோ ஒரு பேச்சு இருந்தது. டின் மீன் விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு சின்னப் பெண் மூட்டையோடு நின்றாள். அவளுடைய பிள்ளையை ஏந்திக்கொண்டு அக்காக்காரி முன்னால் வந்தாள். பச்சைப் போத்தல்காரி.

"தங்கச்சி புள்ளைங்கய்யா. ஒங்க கையில ஒருதரம்..." என்று நீட்டினாள்.

கட்டியிருந்த கையைக் காட்டி வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய வலது கைப் பிடி நழுவிவிட்டது. பெருவிரல் மடங்காத கையால் துணி சுற்றிய பிள்ளையை எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? பிள்ளை தலைகீழாகச் சரிந்தது. கீழே சீமெந்துத் தரை.

நான் பிடித்துவிட்டேன். இரண்டு கையாலும்தான். ஆனால் தலை வந்து விழுந்தது வலது கையில். உள்ளே ஏதோ 'டப்' என்று அறுந்தது. 'ஸ்' என்று ஒரு சத்தம் பல்லுக்கிடையில் வந்தது. அதை எங்கே கேட்டோம் என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. பிள்ளை அழவில்லை. கொட்டாவி விட்டது.

கொழும்பு மனிதர் எழுந்து நின்றுவிட்டார். பிள்ளை பத்திரமாகத் தாயிடம் போன பிறகு உட்கார்ந்தார். பேனா மூடியை எடுத்துத் திருகினார். பிறகு திரும்பத் திறந்து இரண்டு வரி எழுதினார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். பார்த்ததை எழுதுவது தன் கடமை என்றார். தன் மகன் பெரியவனானால் உங்களைப் போலத்தான் டொக்டராக வேண்டும் என்றும் சொல்லி, என் இடது கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கடிதம் பத்தாம் நாள் வந்தது. புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒன்றை விண்ணப்பதாரர் வலது கையால் தடையின்றி ஏந்தியதை எமது அதிகாரி நேரில் கண்டிருப்பதால், அவர் வேலைக்குத் தகுதியானவர் என்பது கம்பனியின் முடிவு. வேலைக்குத் தகுதி. இங்கிலீசில் நான் எழுதும் அதே சொற்கள், அதே வரிசை. கம்பனி என் கொப்பியைப் பார்த்து எழுதியது போலிருந்தது.

மாஸ்டர் கடிதத்தை மூன்று தரம் படித்தார். "தம்பி, நீங்கள் ஏன் பிடிச்சனீங்கள்?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளையை விட்டிருக்க வேணுமெண்டு சொல்லேல்லை. கம்பனிக்காரன் போன பிறகு..." என்று இழுத்தார். அதற்குப் பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டிருக்க வேண்டும். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

பெரிய டொக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரலை அசைக்கச் சொன்னார். அசையவில்லை. இனிமேல் திறந்து பிரயோசனமில்லை என்றார். பிறகு, அவர் பேசும் ஆளே இல்லை, என் தோளில் கை வைத்து, "நல்ல கை" என்றார். நான் துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விக்கி விக்கி அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. பின்னாளில் நான் தோல் டொக்டரானேன். களிம்பு தடவ ஆட்காட்டி விரல் போதும்.

அடுத்த வாரம் அவள் மருந்துக்கு வந்தாள். அதே பச்சைப் போத்தல். என் கட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியும் இருப்பார்கள். நான் போத்தலை வாங்கி, அவள் கைக்கு நீட்டாமல் மேசையில் வைத்தேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்களுக்கும் துண்டு தரலீங்களாம்ல?"

"தரல."

"அன்னைக்கு நான் விட்டிருந்தா மருந்து கெடச்சிருக்காதுங்க. புடிச்சேன், துண்டு கெடைக்கல. வீட்டுக்குப் போயி யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். என்னா செஞ்சிருக்கணும்னு இன்னும் தெரியலீங்கய்யா."

கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். படித்த மனிதனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். அவளுடைய விரலைப் பார்த்தேன். வீக்கம் இறுகிப்போயிருந்தது. இனிக் கொஞ்சமாவது திரும்ப வேண்டுமென்றால் இரண்டு கிழமை போதாது. இடது கையால் எழுதும்போது தாளைப் பிடித்துவைக்க வேறு கை இல்லாததால், போத்தலைத் தாளின் மேல் வைத்து, இரண்டு மாதம் லேசு வேலை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நண்டு ஊர்ந்தது.

மூன்றாம் நாள் துண்டு தோட்டத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அவளே கொண்டுவந்தாள். 'இது டொக்டரின் கையெழுத்தல்ல' என்று பின்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தானிடம் புதிதாக ஒன்று எழுதிக் கேட்டேன். ஆளைப் பரிசோதித்து எழுதினான். முதல் துண்டுக்கு மாறாக இருந்தபடியால் அது பெரிய டொக்டர் மேசைக்குப் போய், நீயே தகுதி என்று எழுதிய ஆளுக்கு இவன் எப்படித் தகுதியில்லை என்று எழுதலாம், துரைமார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அவர் என்னைக் கேட்ட கேள்வியோடு அங்கேயே நின்றுவிட்டது. நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான்தானே?

ஆகவே நானே போனேன். விடியற்காலை முதல் பஸ் எடுத்து, பனியில் வளைந்து வளைந்து, பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். அவளும் நின்றாள். கணக்கப்பிள்ளை வயதானவர், மரியாதை தெரிந்தவர். நான் இன்னாரென்று சொல்லி, திரும்பி வந்த துண்டை நீட்டியதும் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. எங்கிட்ட ரெண்டு துண்டு இருக்கு. ரெண்டுலயும் ஒங்க பேருதான். ஒண்ணு இப்புடி, ஒண்ணு அப்புடி. நான் எதைங்க தொரை கிட்டக் காட்டுறது?"

"ரெண்டும் நான் எழுதினதுதான். என் கைக்கு முடியல. அதனாலதான் எழுத்து மாறிப்போச்சு. முதல்ல எழுதினது பிழை."

அவர் என் கட்டைப் பார்த்தார். உண்மையாகவே எனக்கு உதவ நினைத்தார் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

"அப்பச் சரிங்க. ஒங்களுக்குக் கை முடியலன்னு ஒரு துண்டு இருந்தாக் குடுங்க. ரெண்டையும் சேத்துத் தொரைகிட்டக் காட்டிப்புடுறேன். வேற பேச்சே இல்ல."

என் சட்டைப் பையில் இருந்தது கம்பனியின் கடிதம் ஒன்றுதான். அதில் இருந்தது வேலைக்குத் தகுதி.

"இல்லீங்க" என்றேன். "எனக்கும் தரல."

கணக்கப்பிள்ளை தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். புத்தகத்திலிருந்து பழைய துண்டை எடுத்து விரித்தார். கடைசி எழுத்து சுழித்துப் பின்னால் போய் முதல் எழுத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் எங்கேயும் அப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை. என் வலது கை கடைசியாகப் போட்ட கையெழுத்து அதுதான். "இது நல்லாத் தெளிவா இருக்குங்க" என்று சொல்லி, அதைத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தார். அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மற்றவர்களோடு மலைக்கு ஏறிப் போனாள்.